பிரேக் மட்டும் பிடிக்கும் நெஞ்சு

என் நெஞ்சு கடைசியாகப் படபடவென்று அடித்தது கரும்பு லோடின் மேலிருந்து விழுந்தபோதுதான். டிராக்டர் டிரெய்லரில் கரும்பு ஏற்றி முடித்து, உச்சியில் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கயிறு கையோடு வந்துவிட்டது. பின்பக்கமாகச் சாய்ந்து தரைக்கு வருவதற்குள் கிடைத்த அந்த ஒரு கணத்தில் நெஞ்சு எகிறிக் குதித்தது நன்றாக நினைவிருக்கிறது. விழுந்த பிறகு அந்தப் படபடப்பு இல்லை. இன்றுவரை இல்லை.

பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலம் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு. நெல் ஒரு போகம், மிச்சத்தில் கரும்பு. டிராக்டர் ஓட்டுவது, கொக்கரிப்பது, சண்டைக்கு நிற்பது, இந்த மூன்றிலும் என்னை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அந்த ஆளுக்குப் பின்கழுத்து எலும்பு உடைந்து உள்ளே தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளும் முழங்கையும் என் பேச்சைக் கேட்கும். மணிக்கட்டு மேலே தூக்கும். விரல் எதையும் பிடிக்காது. மார்புக்குக் கீழே கிள்ளினாலும் நெருப்பு வைத்தாலும் தெரியாது. இதைக்கூடக் கைப்பட்டியில் ஒரு ரப்பர் முனைப் பேனாவைச் செருகிக்கொண்டு செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தித்தான் எழுதுகிறேன். கோழி நெல் பொறுக்குவது போல இருக்கிறது என்பாள் என் மனைவி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு முன்னால் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. உட்கார வேண்டும். அதற்குக் காரணம் என் தங்கை. அவளை அரியாங்குப்பத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய பெண் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயத்தில்தான் நான் விழுந்து தொலைத்தேன். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் எங்களில் காது குத்துவார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை உட்கார வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தங்கை கேட்கவில்லை.

"எங்க அண்ணன் மடி இருக்கும்போது எனுக்கு எதுக்கு வேற மடி? அது ஒக்காரட்டும். அதுவரைக்கும் எம்பொண்ணு காது சும்மாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபம் எங்கள் குடும்பச் சொத்து.

உட்காருவது என்றால் சாதாரணமாக நினைத்திருந்தேன். கட்டிலின் தலைமாட்டில் இன்னும் ஒரு தலையணையை வைத்தாலே கண்ணில் பூச்சி பறக்கும், காதில் வண்டு ரீங்கரிக்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது. நாம் எழுந்து உட்காரும்போது காலில் இருக்கிற ரத்தக் குழாய்கள் தாமாகவே இறுகி ரத்தத்தை மேலே தள்ளுமாம். எனக்கு அந்த உத்தரவு கால் வரைக்கும் போய்ச் சேருவதில்லை. ரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது, தலை காய்ந்துவிடுகிறது. உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் தெளிந்துவிடும். அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு காலாகத் தூக்கிப் பிடிப்பார்கள். "படுக்க வை, கால தூக்கு!" என்ற சத்தம் எங்கள் தெருவுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எதிர்வீட்டுக் குழந்தைகள் பொம்மையை வைத்துக்கொண்டு அதே விளையாட்டைத்தான் விளையாடின. நான் கொட்டாவி விட்டால்கூட அம்மா ஓடிவந்து காலைப் பிடித்துவிடுவாள்.

வயிற்றில் பெல்ட், காலில் சுற்றுத் துணி, நாளுக்குக் கொஞ்சம் சாய்மானம். மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. அது முடிவதற்குள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் என் நெஞ்சு என்னை முதன்முதலாக ஆச்சரியப்படுத்தியது. பக்கத்து வயல்காரர் சாத்துக்குடியோடு என்னைப் பார்க்க வந்திருந்தார். நான் எழுந்து வரமாட்டேன் என்ற தைரியத்தில், எங்கள் வாய்க்கால் மடையை அடைத்துத் தன் கரும்புக்குத் தண்ணீர் திருப்பியதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பாதி வழியில்தான் கவனித்தேன். கோபம் வந்திருக்கிறது, நெஞ்சு வரவில்லை. முன்பெல்லாம் நான் கத்தும்போது நெஞ்சுக்குள் தம்பட்டம் அடிக்கும். இப்போது வாய் மட்டும் கத்துகிறது, உள்ளே அமைதியாக ஒருவன் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த அதிசயத்தில் திட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தையே பாதியில் விட்டுவிட்டேன். நான் மன்னித்துவிட்டதாக நினைத்து அவர் இன்னொரு டம்ளர் டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

"கோவம் இருக்கற எடத்துலதான் கொணம் இருக்கும்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாங்க. இப்ப உன் நெஞ்சே உன் கோவத்த மதிக்கல பாரு மாமா" என்றாள் மனைவி. அவள் எனக்கு அத்தை மகள். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டுத்தான் மரியாதையைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். மூலக்குளம் நெரிசலில் வண்டி ஊர்ந்து, நான் களைத்துப்போய்ச் சேர்ந்திருந்த நேரம். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இதயத்துக்கு மூளையிலேர்ந்து ரெண்டு ரோடு இருக்குங்க. வேகமா ஓடுன்னு சொல்ற ரோடு தண்டுவடத்துக்குள்ளயே இறங்கி, கழுத்தைத் தாண்டி நெஞ்சுகிட்ட வெளிய வருது. மெதுவா போன்னு சொல்ற ரோடு தண்டுவடத்துக்குள்ள போறதே இல்ல. தலையிலேர்ந்து கழுத்துப் பக்கமா தனியா இறங்கி நேரா இதயத்துக்குப் போயிடுது. உங்களுக்கு முதல் ரோடு கட் ஆயிடுச்சு. ரெண்டாவதுல ஒரு கீறல்கூட இல்ல."

"அப்பிடின்னா ஆக்சிலேட்டர் ஒயர் அறுந்த வண்டி. பிரேக் மட்டும் புடிக்கும்" என்றேன்.

"அதேதான். ஆனா வண்டி நின்னு போகல, கவனிச்சீங்களா?"

கவனித்தேன். அன்றிலிருந்து வேறு எதையும் கவனிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். இதயம் துடிப்பதற்கு மூளையின் உத்தரவு தேவையே இல்லையாம். அதற்குள்ளேயே ஒரு சின்ன இடம் பொறி தட்டிக்கொண்டே இருக்கிறது. மூளை செய்வதெல்லாம் கூட்டுவதும் குறைப்பதும்தான். நான் மண்ணில் கிடந்தபோது, கை என்னைக் கைவிட்டபோது, கால் கைவிட்டபோது, மூச்சுகூட அரைகுறையாக வந்தபோது, இது மட்டும் யாரையும் கேட்காமல் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நாற்பது வருடம் எனக்குள் இருந்ததை ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. வண்டிக்காவது ஆயில் மாற்றியிருக்கிறேன். சாமி எங்கே இருக்கிறது என்று கேட்டால் எனக்கு அந்தக் காலத்தில் பதில் தெரியாது. இப்போது கேட்டால் மணிக்கட்டைக் காட்டுவேன்.

கிளம்பும்போது டாக்டரம்மா என் மனைவியை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். "மயக்கம் வந்தா படுக்க வைக்கிறீங்க, சரி. ஆனா இன்னொரு ஆபத்து இருக்கு. தலை இடிக்கும், முகம் வேர்த்துக் கொட்டும், துடிப்பு குறைஞ்சிடும். அப்ப படுக்க வைக்கவே கூடாது. நேரா உக்கார வைங்க. அவருக்குத் தெரியாத எடத்துல எங்கயோ ஒண்ணு அடைச்சிட்டிருக்கும், இல்ல அழுத்திட்டிருக்கும். பிரஷர் எங்கயோ ஏறிடும். தலையில ரத்தக் குழாய் வெடிச்சாலும் வெடிக்கும். தேடிக் கண்டுபிடிச்சு எடுத்துடணும்." மனைவி தலையாட்டினாள். அந்த நேரத்தில் நான் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துடிப்பு பார்க்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கடிகாரம் பார்த்து எண்ணுவது அவளுக்குச் சரிப்பட்டு வரவில்லை, பாதியில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். அதனால் ஒரு விரலைத் தன் கழுத்திலும் இன்னொன்றை என் மணிக்கட்டிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். ஜோடி மாடு பூட்டினால் எது முந்துகிறது என்று பார்ப்பது போல. மயக்கம் வரப்போகும்போது என்னுடையது அவளுடையதைவிடக் கொஞ்சம் முந்தும். பிரேக்கை முழுதாக விட்டுவிட்டால் அவ்வளவு தூரத்துக்கு ஓடும், அதற்கு மேல் ஓடாது. "உன்னுது முந்துது, சாஞ்சிக்கோ" என்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

தை பிறந்ததும் தங்கை மறுபடியும் நாள் பார்த்தாள். குருவிநத்தத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் எங்கள் குலதெய்வக் கோயில். வேன் பிடித்து என்னை நாற்காலியோடு ஏற்றினார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். யூரின் பை யார் கண்ணிலும் படக்கூடாது. எனக்கு அடிவயிற்றில் சின்னத் துளை போட்டு டியூப் வைத்திருக்கிறார்கள், அது ஒரு பையில் போய்ச் சேரும். தாய்மாமன் சீரோடு போய் இறங்குகிறவன் பையைத் தொங்கவிட்டுக்கொண்டா இறங்குவது? மனைவி பையைத் தொடையோடு சேர்த்துக் கட்டி மேலே பட்டு வேட்டி போர்த்தினாள். அதற்கு முன்னால் அம்மா குளிப்பாட்டி, நல்ல நாள் என்று என் இடுப்பில் புது அரைஞாண் கயிறு கட்டியிருந்தாள். உட்கார்ந்தே இருப்பவனுக்கு வேட்டி நிற்காது என்று இறுக்கியே கட்டியிருந்தாள். இறுக்குகிறது என்று சொல்ல எனக்கும் வழியில்லை.

கோயிலில் இறங்கியதும் டியூப் கொஞ்சம் தளர்ந்து வேட்டி ஓரத்தில் எட்டிப் பார்த்தது. தங்கை வீட்டுக்காரர், என் மச்சான், அதைப் பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் கையை விட்டு அரைஞாண் கயிற்றுக்குள் செருகிவிட்டார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இடுப்பில் கயிறு இருந்தால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா நிற்காது. சாவி, சுருக்குப் பை, கரும்பு சோகை கழிக்கிற சின்னக் கத்தி எல்லாம் அங்கேதான் செருகுவார்கள். நானும் அப்படித்தான் வாழ்ந்தவன்.

குழந்தையை என் மடியில் வைத்தார்கள். என்னால் விரலால் பிடிக்க முடியாது, இரண்டு முழங்கையாலும் அணைத்துக்கொண்டேன். நாவிதர் மொட்டையடிக்க ஆரம்பித்தார். குழந்தை திமிறியது, சிரித்தது, அழுதது, என் மீசையைப் பிடித்து இழுத்தது. இதற்காகத்தானே இத்தனை மாதம் மயங்கி மயங்கி எழுந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மொட்டை முடிந்து சந்தனம் பூசினார்கள். காது குத்த வந்திருந்த பத்தர் தங்கக் கம்பியை எடுத்து விளக்கில் காட்டினார்.

அப்போதுதான் தலை இடிக்க ஆரம்பித்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை, பின்மண்டைக்குள் யாரோ உலக்கை போடுகிற மாதிரி. முகமெல்லாம் வேர்வை ஊற்றியது. கையில் முடி குத்திட்டு நின்றது. பத்தர் இரண்டு பேராகத் தெரிந்தார். உள்ளே நெஞ்சு மட்டும் நிதானமாக, வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி, டொக் என்று ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி.

"மயக்கம் வருதுடா! படுக்க வை, கால தூக்கு!" என்று அம்மா கத்தினாள். எல்லோருக்கும் தெரிந்த பாடம் ஆயிற்றே. குழந்தையை யாரோ பிடுங்கினார்கள். நான்கு பேர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டார்கள். மச்சான் என் காலைத் தூக்கியேவிட்டார். பேச வாய் எழவில்லை எனக்கு. வேண்டாம் என்று தலையை ஆட்டினால் இடி இன்னும் பலமாக விழுந்தது. இந்த அன்பான நான்கு பேர் கையால்தான் சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. பயந்துபோனேன். அந்தப் பயத்திலும் நெஞ்சு ஓடவில்லை.

என் மனைவி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு விரல் கழுத்தில், ஒரு விரல் என்னிடம். இந்த முறை கண்ணை மூடவில்லை.

"எவனும் படுக்க வெக்காத!" என்று கத்தினாள். "இது முந்தல, பின்னால நிக்குது. எனுக்கு ரெண்டு அடிக்குது, இதுக்கு ஒன்னு அடிக்குது. நேரா நிமித்தி வெய்யி! தல இடிக்குதா மாமா?"

கண்ணை மூடித் திறந்தேன். அவள் பெரியவர் சின்னவர் என்று பார்க்கவில்லை, அத்தனை பேர் முன்னாலும் வேட்டியை விலக்கினாள். வயிறு குடம் போல உப்பியிருந்தது. பை காலியாக இருந்தது. டியூப் அரைஞாண் கயிற்றுக்குள் மடிந்து நசுங்கிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. உப்பிய வயிற்றில் கயிறு புதைந்து விரல்கூட நுழைய இடமில்லை.

"கத்தி குடு" என்று நாவிதரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, அர்ணாக்கவுற அறுக்கறியா? பொணத்துக்குத்தான்டி அத அறுப்பாங்க! எம்புள்ள உசுரோட இருக்கான்டி!"

"உசுரோட இருக்கணும்னுதான் அத்த அறுக்கறேன். கைய வுடு."

அம்மா விடவில்லை. இரண்டு பேரும் என்னைக் காப்பாற்றத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் இருட்டியது. கடைசியில் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன பார்த்தாளோ, கையைத் தளர்த்திவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். கயிறு அறுபட்ட சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை.

பை நிறைந்தது. மனைவி அதைத் திறந்து மண்ணில் விட, மறுபடியும் நிறைந்தது. தலைக்குள் உலக்கை கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நின்றது. பத்தர் ஒரே ஆளானார். பக்கத்து ஊர் நர்ஸை மச்சான் வண்டியில் கூட்டி வந்தார். அவர் பிரஷர் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது என்றார். மனைவி அதை நம்பவில்லை. தன் கழுத்தில் ஒரு விரலையும் என் மணிக்கட்டில் ஒரு விரலையும் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள். "வந்துடுச்சி. கிட்ட வந்துடுச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் அழுதாள்.

பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கீழே உடம்பு ரத்தக் குழாயையெல்லாம் இறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கிறது. தளர்த்து என்று மூளை அனுப்பும் செய்தி கழுத்தைத் தாண்டவில்லை. தன்னிடம் மிச்சமிருக்கிற ஒரே ரோட்டில், நெஞ்சிடம் மட்டும், மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று அது கெஞ்சியிருக்கிறது. நெஞ்சும் கேட்டிருக்கிறது. என்னைக் கொல்லத்தான் துடிப்பு நின்று நின்று வருகிறது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அது என்னைக் காப்பாற்றத் தன்னை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் உடம்புக்கு என்மேல் இவ்வளவு அக்கறை என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் குழந்தையைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். பத்தர் கம்பியை மறுபடி விளக்கில் காட்டினார். முதல் காதில் குத்தியதும் குழந்தை வீறிட்டது. நெஞ்சு துள்ளவில்லை, அது தன் நடையிலேயே போனது. ஆனால் என் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டி மொட்டைத் தலைச் சந்தனத்தில் விழுந்தது. கண்ணீருக்கும் கழுத்துக்கு மேலேயே தனி வழி இருக்கிறது போல.

கூட்டம் கலையும்போது பெரியம்மா மஞ்சள் கயிறு ஒன்றைத் திரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஆண்பிள்ளை இடுப்பு வெறும் இடுப்பாக இருக்கக்கூடாது, இப்போதே கட்டிவிடு, அபசகுனம் கழியும் என்றாள். என் மனைவி கயிற்றை அறுத்தவள் என்ற பேச்சு ஏற்கெனவே அங்கே சுற்ற ஆரம்பித்திருந்தது. அம்மா தரையில் குனிந்து அறுந்த கறுப்புக் கயிற்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பெரியம்மாவின் கையை ஒதுக்கினாள்.

"வாணாம்க்கா. அறுக்கறதுக்கு ஒன்னு இருந்தாத்தான எமன் வருவான்? வரட்டும். இடுப்ப தடவிப் பாக்கட்டும். இவனுக்குத்தான் மின்னாடியே அறுத்துட்டாங்களேன்னு திரும்பிப் போவட்டும்."

அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பி, "எங்க, அவன் கைய ஒருவாட்டி புடிச்சிப் பாரு" என்றாள்.